இறுக்கமான சந்தியைத் திறப்பது யார், மூடுவது யார்?

ஹட்டன் பக்கத்துப் பாடசாலை ஒன்றில் உயர்தர உயிரியல் படிப்பிக்கும் ஆசிரியை ஒருவர் கேட்டிருந்தார்: "இறுக்கமான சந்தி என்பது அடுத்தடுத்த கலங்களை ஒட்டவைத்துக் கசிவைத் தடுக்கும் அமைப்பு என்று படிப்பிக்கிறோம். போன வாரம் ஒரு மாணவி எழும்பி, 'நொதியங்கள் அதைத் திறக்கும், மூடும் என்று யூடியூபில் சொல்கிறார்களே டீச்சர், ஒட்டவைத்ததை எப்படித் திறப்பது?' என்று கேட்டாள். குடல் கசிவுக்கு ஒரு மாவு விற்கிறார்களாம், அம்மா அதை வாங்கப் பார்க்கிறார், வாங்கலாமா என்றும் கேட்டாள். இரண்டுக்கும் என்னிடம் சரியான பதில் இல்லை."

டீச்சர், உங்கள் மாணவி நிற்கும் இடத்தில்தான் இந்தத் துறையும் நெடுங்காலம் நின்றது. 1963இல் மர்லின் ஃபார்குவாரும் ஜோர்ஜ் பலாடேயும் இலத்திரன் நுணுக்குக்காட்டியில் மேலணியை, அதாவது உறுப்புகளின் மேற்பரப்பை மூடும் கலப் படையை, பார்த்தார்கள். பக்கத்துப் பக்கத்துக் கலங்களின் மென்சவ்வுகள் உச்சியோரமாக ஓரிடத்தில் உருகி ஒன்றானதுபோலத் தெரிந்தன. அந்தப் படத்தைப் பார்க்கும் யாருக்கும் சீமெந்து பூசி அடைத்ததாகத்தான் தோன்றும். பாடநூலுக்குள் போனது அந்தத் தோற்றம். நானும் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடம் வரை சீமெந்து என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த எண்ணத்தைக் கைவிட எனக்கு உதவியது புத்தகம் இல்லை, தலவாக்கலையில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் கட்டிய கல்சுவர். சரிவை வெட்டி வீடு கட்டினால் பின்னால் மண் சரியாமல் சுவர் எழுப்ப வேண்டும். எங்கள் மேசன் பாஸ் ஒவ்வொரு நாலு அடிக்கும் ஒரு குழாய்த் துண்டைச் சுவருக்குள் வைத்துக் கட்டினார். "ஏன் பாஸ், தண்ணி வருமே" என்று அப்பா கேட்டதற்கு, "வரத்தான் வைக்கிறேன், வராட்டி சுவர் வரும்" என்றார். தென்மேல் பருவ மழையில் மண்ணுக்குப் பின்னால் தேங்கும் நீர் வெளியேற வழியில்லாத சுவர்கள் வயிறு தள்ளி விழுவதை நாங்கள் வருடாவருடம் பார்க்கிறோம். குடலின் சுவரும் ஓட்டை வைத்தே கட்டப்பட்டது. ஒரு வித்தியாசம்: பாஸ் வைத்த குழாயின் அளவு மாறாது, குடலின் ஓட்டைகள் நீங்கள் சாப்பிட்டதற்கும் சாப்பிடாததற்கும், காய்ச்சல் வந்ததற்கும் வராததற்கும் ஏற்ப அளவு மாறும். மாற்றுபவை நொதியங்கள்.

சுவரின் அளவையும் சொல்லிவிடுகிறேன், பிள்ளைகளுக்குப் பிடிக்கும். குடலை விரித்தால் டெனிஸ் மைதானம் அளவு வரும் என்று வெகுகாலம் சொல்லிவந்தார்கள். 2014இல் சுவீடனில் இரண்டு ஆய்வாளர்கள் கணக்கை மறுபடி போட்டுப் பார்த்தபோது வாயிலிருந்து ஆசனவாய் வரை மொத்தம் சுமார் 32 சதுர மீற்றர்தான் வந்தது. பத்துக்குப் பன்னிரண்டு அடி லயக் காம்பரா மூன்றின் தரையைச் சேர்த்தால் அவ்வளவு. மூன்று காம்பரா நிறைய அசுத்தம், கிருமி, அரைபட்ட சாப்பாடு. அந்தப் பக்கம் இரத்தம். நடுவில் ஒரே ஒரு கலம் பருமனில் ஒரு சுவர். அந்தக் கலங்களும் நாலைந்து நாளைக்கு ஒருமுறை உதிர்ந்து புதிதாக வருகின்றன. ஒவ்வொரு கல்லும் வாரத்துக்கு ஒருமுறை மாறும் சுவரில் சீமெந்து வேலைக்கு ஆகாது என்பது இதிலேயே விளங்கும்.

சரி, சந்திக்குள் என்ன இருக்கிறது? மென்சவ்வைத் துளைத்து நிற்கும் புரதங்கள் இரண்டு வகை முக்கியம். 1993இல் ஜப்பானில் சோய்ச்சிரோ ட்சுகிட்டாவின் குழு ஒக்ளுடினைக் கண்டுபிடித்தது. எல்லோரும் இதுதான் சந்தியின் முதுகெலும்பு என்று நினைத்தார்கள். பிறகு ஒக்ளுடின் இல்லாத எலியை உருவாக்கினால், எலி வளர்ச்சி குன்றிப் பல கோளாறுகளோடு இருந்தது, ஆனால் சந்தி பார்வைக்கு அப்படியே இருந்தது! அதற்கு முன்பே, 1998இல், அதே குழு குளோடின் என்ற இன்னொரு குடும்பத்தைக் கண்டுபிடித்திருந்தது. மூடு என்ற பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்த பெயர். சந்தியின் இழையை உண்மையில் கட்டுவது குளோடின்கள்தான். பாலூட்டிகளில் 25க்கு மேற்பட்ட வகை உண்டு. குளோடின்-1 இல்லாத எலிக்குஞ்சு தோலால் நீர் இழந்து பிறந்த ஒரு நாளுக்குள் செத்துவிடும். குளோடின்-2 இதற்கு நேரெதிர்: அது சோடியம் போன்ற நேர் அயன்களும் நீரும் போகும் நுண்துளையை அமைக்கும். மூடு என்று பெயர் வைத்த குடும்பத்திலேயே துளை போடும் பிள்ளையும் இருக்கிறது.

இந்தப் புரதங்களின் வால் கலத்துக்கு உள்ளே நீட்டிக்கொண்டிருக்கும். அதைப் பிடித்துக்கொள்வது இசட்.ஓ.-1 என்ற கொக்கிப் புரதம், 1986இல் கண்டது. கொக்கியின் மறுமுனை, தசையை இழுக்கும் புரதங்களான அக்டினும் மயோசினும் சேர்ந்த ஒரு வளையத்தில் மாட்டியிருக்கும். இந்த வளையம் கலத்தின் உச்சியைச் சுற்றி, சந்திக்குச் சற்றுக் கீழே, இடுப்புக் கயிறுபோல ஓடுகிறது.

கயிறு என்றதும் எனக்கு நினைவுக்கு வருவது படங்கு. கொழுந்தெடுக்கும் அம்மாமார் தேயிலைச் செடி கிழிக்காமல் இருக்க இடுப்பில் படங்கைச் சுற்றிக் கயிற்றால் இறுக்குவார்கள். இப்போது கற்பனை செய்யச் சொல்லுங்கள்: பத்துப் பெண்கள் தோளோடு தோள் ஒட்டி வட்டமாக நிற்கிறார்கள். ஒவ்வொருத்தியின் படங்கும் பக்கத்திலிருப்பவளின் படங்கோடு கயிற்றுக்கு மேலாக ஊசிநூலால் தைக்கப்பட்டிருக்கிறது. தையல்தான் குளோடினும் ஒக்ளுடினும். எல்லோரும் ஒரே நேரத்தில் தன் தன் இடுப்புக் கயிற்றைக் கொஞ்சம் இறுக்கினால் என்ன ஆகும்? ஒவ்வொருத்தியும் உள்ளே சுருங்குவாள், நடுவில் தையல் இழுபட்டு இடைவெளி விரியும். சுருக்குப்பையின் கயிற்றை இழுத்தால் வாய் மூடும். இங்கே இழுத்தால் இடைவெளி திறக்கும். மாணவர்கள் குழம்பும் இடம் இது, ஒரு தரம் கரும்பலகையில் வரைந்து காட்டிவிட்டால் போதும்.

கயிற்றை இறுக்கும் கைதான் நொதியம். அதன் பெயர் மயோசின் இலேசான சங்கிலிக் கைனேஸ், சுருக்கமாக எம்.எல்.சி.கே. கைனேஸ் என்றால் கலத்தின் சக்தி மூலக்கூறான ஏடிபியிலிருந்து ஒரு பொஸ்பேட்டைக் கழற்றி இன்னொரு புரதத்தின் மேல் பொருத்தும் நொதியம். பொருத்திய பொஸ்பேட்டை அகற்றுவது பொஸ்பட்டேஸ். பொஸ்பேட்டுக்கு மறை ஏற்றம் அதிகம். அது வந்து உட்கார்ந்ததும் புரதத்தின் வடிவமும் அது யாரோடு ஒட்டும், யாரை விடும் என்பதும் மாறிவிடும். கலத்துக்குள் நடக்கும் சமிக்ஞை வேலையில் பெரும்பகுதி இந்தப் பொருத்தலும் கழற்றலும்தான்.

எம்.எல்.சி.கே. தானாக வேலை செய்யாது. கலத்துக்குள் கல்சியம் கூட, அது கல்மோடுலின் என்ற புரதத்தோடு சேர்ந்து இந்த நொதியத்தை எழுப்பும். எழும்பிய நொதியம் மயோசினின் இலேசான சங்கிலியில் 19ஆம் இடத்திலுள்ள செரின் என்ற அமினோ அமிலத்தில் பொஸ்பேட்டைப் பொருத்தும். உடனே மயோசின் அக்டினை இழுக்கும், வளையம் சுருங்கும். இழுத்ததைத் தளர்த்த மயோசின் பொஸ்பட்டேஸ் இருக்கிறது. அந்தப் பொஸ்பட்டேஸின் கையைக் கட்டிவைக்க ரோ கைனேஸ் என்று இன்னொரு நொதியம். ஆக கயிறு இறுக இரண்டு வழி: இறுக்குபவனை உசுப்பலாம், அல்லது தளர்த்துபவனைத் தடுக்கலாம். கலம் இரண்டையும் செய்கிறது.

இதெல்லாம் நோயில் மட்டும் நடப்பது என்று நினைக்க வேண்டாம். நீங்கள் காலையில் ரொட்டியும் சம்பலும் சாப்பிடுகிறீர்கள். மாப்பொருள் உடைந்து குளுக்கோஸ் வருகிறது. சிறுகுடல் கலத்தின் உச்சியிலுள்ள எஸ்.ஜி.எல்.டி.-1 என்ற காவி சோடியத்தோடு சேர்த்துக் குளுக்கோஸை உள்ளே எடுக்கும். இப்படி எடுப்பதே கலத்துக்கு ஒரு செய்தி: சாப்பாடு வந்துவிட்டது. சில படிகள் தாண்டி எம்.எல்.சி.கே. எழும்பும், வளையம் இலேசாக இறுகும், சந்திகள் சற்றே விரியும். கலங்களுக்கு இடையே ஏற்கெனவே சேர்ந்திருக்கும் சோடியத்தையும் குளுக்கோஸையும் தேடி நீர் அந்த இடைவெளியால் பாயும், சிறிய போசணைத் துணிக்கைகளையும் இழுத்துக்கொண்டு போகும். பாப்பன்ஹைமர் என்ற ஆய்வாளர் 1980களில் இதைக் காட்டினார். இடையில் இருக்கும் கைனேஸ் எது என்பதை 1990களில் ஜெரால்ட் டர்னரின் குழு பிடித்தது. சாப்பாடு முடிந்தால் பொஸ்பட்டேஸ் வேலையைச் செய்து, சந்தி பழைய நிலைக்கு வரும்.

இதே நொதியம், இதே கயிறு, அழற்சியில் வேறு முகம் காட்டுகிறது. குடலில் கிருமி புகுந்தாலோ நிர்ப்பீடனம், அதாவது உடலின் நோயெதிர்ப்பு, தப்பாகத் தூண்டப்பட்டாலோ டி.என்.எஃப். என்ற சமிக்ஞைப் புரதம் சுரக்கும். அதன் செய்தி கலத்தின் கருவரை போய் எம்.எல்.சி.கே. மரபணுவிலிருந்து கூடுதல் நொதியத்தைச் செய்ய வைக்கும். அத்தோடு அந்த நொதியத்தின் ஒரு வகையைச் சந்திப் பக்கமாக நகர்த்தும். இப்போது வளையம் அளவுக்கு மீறி இறுகும். அதற்கும் மேலே, ஒக்ளுடினைக் கலம் மென்சவ்விலிருந்து உள்ளே இழுத்து விழுங்கிக்கொள்ளும். படங்கை இழுத்தது போதாதென்று தையல் நூலையே உருவுவதுபோல. குடலில் நீண்டகால அழற்சியை உண்டாக்கும் குரோன் நோயும் புண்ணுள்ள பெருங்குடல் அழற்சியும் உள்ளவர்களின் குடல் இழையத்தில் நோய் கடுமையாகக் கடுமையாக இந்த நொதியமும் கூடுதலாக இருப்பதைப் பார்த்திருக்கிறார்கள்.

எனக்கு மிகவும் பிடித்த இரண்டு எலிப் பரிசோதனைகள் இங்கே உண்டு. முதலாவதில், இந்த நொதியத்தின் நீண்ட வடிவம் இல்லாத எலிகளில் நிர்ப்பீடனத்தைத் திடீரென்று தூண்டினார்கள். சாதாரண எலிகளுக்கு வயிற்றோட்டம் வந்தது, இவற்றுக்கு வரவில்லை. 2005இல் வந்த முடிவு. கசிவுக்கு நொதியம்தான் காரணம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி தேவையில்லை. இரண்டாவது 2009இல். எலிகளின் குடலில் எம்.எல்.சி.கே. எப்போதும் விழித்தே இருக்கும்படி மாற்றினார்கள். சந்திகள் நிரந்தரமாகக் கசிந்தன. குடல் கசிவுதான் எல்லா நோய்க்கும் காரணம் என்று யூடியூபில் சொல்வது சரி என்றால் அந்த எலிகள் நூறு நோயில் விழுந்திருக்க வேண்டும். விழவில்லை, நன்றாகச் சாப்பிட்டு வளர்ந்தன. ஆனால் வேறொரு வழியில் பெருங்குடல் அழற்சியைக் கிளப்பியபோது மற்ற எலிகளைவிட இவற்றுக்கு நோய் விரைவாகவும் கடுமையாகவும் வந்தது. சுருக்கமாக, கசிவு தனியாக நோயை உண்டாக்கவில்லை. வந்த நோய்க்கு வழிவிட்டது. குடல் கசிவு பற்றிக் கதைக்கும் எவரையும் நான் இந்தப் பரிசோதனை தெரியுமா என்று கேட்பேன்.

அப்படியானால் இந்த நொதியத்தைத் தடுக்கும் மருந்து கொடுத்தால் சரிதானே? அங்கேதான் சிக்கல். அதே மரபணுவிலிருந்துதான் இரத்தக்குழாய்ச் சுவரிலும் குடல் தசையிலும் உள்ள மழமழப்பான தசையை இயக்கும் வடிவமும் வருகிறது. ஒட்டுமொத்தமாகத் தடுத்தால் இரத்த அழுத்தமும் குடல் அசைவும் குழம்பும். 2019இல் டர்னரின் குழு வேறு தந்திரம் செய்தது: நொதியத்தின் வேலையைத் தொடாமல், அது சந்திப் பக்கம் நகருவதை மட்டும் மறிக்கும் ஒரு சிறு மூலக்கூறு. டைவர்ட்டின் என்று பெயர். எலிகளில் வேலை செய்தது. கங்காணியை வேலையிலிருந்து நிறுத்தாமல் வேறு மலைக்கு அனுப்பிவிடுவது மாதிரி.

கயிற்றுக் கதை பெரிதாகிவிட்டது. தையலின் மேலேயே நேரடியாகக் கை வைக்கும் நொதியங்களும் உண்டு, அவற்றைக் கொஞ்சம் வேகமாகச் சொல்கிறேன். ஒக்ளுடினின் வாலில் செரின், திரியோனின், டைரோசின் என்று பொஸ்பேட் உட்காரக்கூடிய இடங்கள் ஏராளம். எங்கே உட்காருகிறது என்பதைப் பொறுத்துப் பலன் தலைகீழாக மாறும். புரதக் கைனேஸ் சி குடும்பத்தின் ஈட்டா, சீட்டா என்ற வகைகள் திரியோனின்களில் பொருத்தினால் சந்தி நிலைக்கும். சார்க் என்ற கைனேஸ் டைரோசின்களில் பொருத்தினால் ஒக்ளுடின் இசட்.ஓ.-1 கொக்கியை விட்டு நழுவும். சி.கே.-2 என்ற கைனேஸ் 408ஆம் செரினில் ஒரு பொஸ்பேட்டை வைத்திருக்கும் வரை குளோடின்-2 துளைகள் திறந்திருக்கும். அந்தக் கைனேஸைத் தடுத்தால் ஒக்ளுடின், இசட்.ஓ.-1, குளோடின்-2 மூன்றும் சேர்ந்து பிணைந்து துளை அடைபடும். கழற்றும் பக்கத்தில் பி.பி.-1, பி.பி.-2ஏ என்ற பொஸ்பட்டேஸ்கள். ஆகவே "பொஸ்பேட் வந்தால் திறக்கும், போனால் மூடும்" என்று ஒரு வரியில் எழுதிக் கொடுக்க முடியாது. நானும் முதல் வருட விரிவுரையில் அப்படித்தான் எழுதிப் போட்டேன். பின்வரிசையிலிருந்த ஒரு பிள்ளை, "சேர், அப்ப சீட்டா?" என்று கேட்டு என்னை மாட்டிவிட்டாள்.

கட்டும் வேலைக்கும் கைனேஸ் வேண்டும் என்பதை இதோடு சொல்லவேண்டும், இல்லாவிட்டால் இவை எல்லாம் உடைக்கும் கூட்டம் என்று தோன்றிவிடும். கல்சியம் இல்லாத திரவத்தில் மேலணிக் கலங்களை விட்டால் சந்திகள் பிரியும், திரும்பக் கல்சியம் கொடுத்தால் சில மணி நேரத்தில் மறுபடி சேரும். ஆய்வுகூடத்தில் அடிக்கடி செய்யும் பரிசோதனை இது. அப்படிச் சேரும்போது ஏ.எம்.பி.கே. என்ற நொதியம் விழிக்கிறது. கலத்தில் ஏடிபி குறைகிறதா என்று கணக்குப் பார்க்கும் நொதியம் அது. அதைத் தடுத்தால் சந்தி சேரத் தாமதமாகும். நார்ச்சத்தைப் பெருங்குடலின் பக்டீரியா புளிக்கவைத்துத் தரும் பியூட்டிரேட் இதே நொதியத்தைத் தூண்டிச் சந்தி கட்டுவதை விரைவாக்கும் என்பது கலவளர்ப்பில் காட்டப்பட்டிருக்கிறது. குரக்கன் ரொட்டிக்கு நான் இதைவிடப் பெரிய விளம்பரம் செய்யப் போவதில்லை.

தேயிலையைப் பற்றியும் யாராவது கேட்பார்கள், இந்த ஊரில் கேட்காமல் விடமாட்டார்கள். பச்சைத் தேயிலையிலுள்ள கற்றெச்சின் வகைச் சேர்வை ஒன்று அழற்சிச் சமிக்ஞையால் கலவளர்ப்பில் வரும் கசிவைக் குறைத்தது உண்மை. ஆனால் பாத்திரத்திலுள்ள கலமும் உங்கள் சிறுகுடலும் ஒன்றில்லை. அதோடு நம் தொழிற்சாலைகளில் கொழுந்து நொதித்துக் கறுப்பாகும்போது கற்றெச்சின்களில் பெரும்பகுதி வேறு சேர்வைகளாக மாறிவிடும். சாயத்தண்ணியைச் சுவைக்காகக் குடியுங்கள்.

துளை, கசிவு என்று இரண்டு சொற்களைக் கலந்து பாவித்துக்கொண்டு வருகிறேன், அவை இரண்டு வழிகள். குளோடின்-2 அமைக்கும் துளை வழி ஒரு நானோமீற்றருக்கும் குறைந்த அகலம். அயனும் நீரும் போகும், புரதம் போகாது. கயிறு இறுகும்போது விரியும் கசிவு வழி அதைவிடப் பத்து மடங்குக்கு மேல் பெரியது, ஆனால் எண்ணிக்கையில் குறைவு. சிறிய புரதங்கள்கூடப் போகும். இவை இரண்டும் இல்லாமல், கலங்களே செத்து உதிர்ந்து கிழிந்த இடம் என்றால் பக்டீரியாவே நுழையும். அதற்கும் சந்திக்கும் சம்பந்தமில்லை, சந்தி வைத்திருக்கக் கலமே இல்லையே. குடல் கசிவு என்று பொதுவாகப் பேசுபவர்கள் மூன்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவார்கள்.

எல்லாச் சுவரும் ஒரே மாதிரிக் கசிவதும் இல்லை. மேலணியின் இரு பக்கமும் மின்வாய் வைத்துத் தடையை அளந்தால், சிறுநீரகத்தின் அண்மை மடிந்த குழாயில் அது 10 ஓம் அளவுக்கும் கீழே, சிறுநீர்ப்பையில் பல ஆயிரம் ஓம். ஒன்று வாரி எடுக்க வேண்டிய இடம், மற்றது வாரி எடுக்கக் கூடாத இடம். எந்தக் குளோடின் எங்கே என்பதில்தான் இந்த வித்தியாசத்தின் பெரும்பகுதி இருக்கிறது.

திறப்பதே நல்லது என்று ஆகும் நேரமும் உண்டு. எலிகளில் குடல் கிருமி தொற்றிய ஓரிரு நாளில் ஐ.எல்.-22 என்ற சமிக்ஞை குளோடின்-2ஐக் கூட்டி, துளைகளால் நீரைக் குடலுக்குள் விட்டு, வயிற்றோட்டத்தை உண்டாக்குகிறது. குளோடின்-2 இல்லாத எலிகளில் வயிற்றோட்டம் குறைந்தது, கிருமி நீண்ட நாள் தங்கி நோய் மோசமானது. 2017இல் இதைப் படித்தபோது பாட்டி ஞாபகம்தான் வந்தது. வயிறு கழுவுப்படட்டும் என்பார்.

ஆனால் பாட்டியின் பாட்டி காலத்தில் வயிற்றோட்டம் ஆளைக் கொன்றது. தென்னிந்தியாவிலிருந்து மன்னார் வழியாகக் காட்டுப்பாதையில் மாத்தளைக்கு நடந்து வந்தவர்களில் எத்தனையோ பேர் வாந்திபேதியில் வழியிலேயே மாண்டார்கள். அந்த நோயும் ஒரு நொதியக் கதை. வாந்திபேதிக் கிருமியின் நச்சு கலத்துக்குள் போய் அடினைலேட் சைக்ளேஸ் என்ற நொதியத்தை நிறுத்த முடியாதபடி இயக்கிவிடும். சைக்ளிக் ஏ.எம்.பி. பெருகும், அது புரதக் கைனேஸ் ஏயை உசுப்பும், அந்தக் கைனேஸ் குளோரைட் கதவில் பொஸ்பேட்டைப் பொருத்தித் திறக்கும். குளோரைட் குடலுக்குள் கொட்டும். அதைத் தேடிச் சோடியமும் நீரும் போவது எந்த வழியால்? கலங்களுக்கு இடையே, இறுக்கமான சந்தியின் துளைகளால்தான்.

வயிற்றோட்டத்துக்குக் கரைத்துக் குடிக்கும் ஜீவனி வேலை செய்வதற்குக் காரணமும் இங்கேயே இருக்கிறது. குளோரைட் கதவு உடைந்து திறந்து கிடந்தாலும் எஸ்.ஜி.எல்.டி.-1 பழுதாகவில்லை. குளுக்கோஸையும் உப்பையும் சரியான அளவில் கரைத்துக் கொடுத்தால் அந்தக் காவி சோடியத்தை உள்ளே எடுக்கும், நீர் பின்னால் வரும். 2002இலிருந்து உலக சுகாதார அமைப்பின் கலவையில் லீற்றருக்குச் சோடியம் 75, குளுக்கோஸ் 75 மில்லிமோல். வெறும் உப்புத் தண்ணீரோ வெறும் சீனித் தண்ணீரோ ஏன் போதாது என்பதற்கு உங்கள் மாணவிகள் இப்போது தாங்களே விடை எழுதுவார்கள். பிள்ளைகளுக்கு வயிற்றோட்டத்தின்போது 10 முதல் 14 நாள் நாகம் (சிங்க்) கொடுக்கச் சொல்வதும் இந்தச் சுவர் திரும்பக் கட்டுப்பட உதவத்தான்.

இனி மாவு. கோபம் வந்தால் மன்னியுங்கள், இதில் எனக்குச் சொந்தக் கணக்கு இருக்கிறது. கொட்டகலையிலுள்ள என் அத்தை மகன் ஒருத்தன் வயிறு உப்புகிறது என்று ஒரு தனியார் ஆய்வுகூடத்தில் இரத்தம் கொடுத்து சோனுலின் பரிசோதனை செய்தான். கூடுதலாக இருக்கிறதாம், குடல் கசிகிறதாம், இன்ன மாவை மூன்று மாதம் சாப்பிட வேண்டுமாம். பரிசோதனைக்கும் மாவுக்கும் அவன் கொடுத்த காசில் வீட்டுக்கு ஒரு மாதச் சாமான் வாங்கியிருக்கலாம். சோனுலின் என்பது சந்தியைத் தளர்த்தும் என்று 2000இல் சொல்லப்பட்ட ஒரு புரதம். வாந்திபேதிக் கிருமியின் இன்னொரு நச்சைத் துரத்திப் போனபோது அலெஸியோ ஃபசானோவின் குழு கண்டது. 2009இல் அது ஹப்டோகுளோபின்-2 என்ற இரத்தப் புரதத்தின் முன்வடிவம் என்றார்கள். ஆனால் கடையில் விற்கும் பரிசோதனைப் பெட்டிகளில் பரவலாகப் பாவிக்கப்பட்ட ஒன்று அந்தப் புரதத்தை அளக்கவே இல்லை, வேறு புரதங்களை அளக்கிறது என்று 2018இல் தெரியவந்தது. சந்தியை இறுக்கும் என்று நம்பி, கோதுமைப் புரதம் ஒத்துக்கொள்ளாத சீலியாக் நோய்க்குக் கொண்டுவந்த லாரசோடைட் என்ற மருந்தின் மூன்றாம் கட்டப் பரிசோதனையையும் 2022இல் இடையில் நிறுத்திவிட்டார்கள். கோடிக்கணக்கில் செலவழித்துச் செய்த மருந்துக்கே அந்தக் கதி. அம்மாவிடம் மாவு வேண்டாம் என்று சொல்லச் சொல்லுங்கள். வயிற்றுக் குறை தொடர்ந்தால் வைத்தியரிடம் போகட்டும். மலத்தில் இரத்தம், மெலிவு, இரவில் எழுப்பும் வயிற்றோட்டம் இருந்தால் நாள் கடத்தக் கூடாது.

கசிவு உண்மையில் கவலைப்பட வேண்டிய இடம் எங்கள் தோட்டங்களின் பிள்ளைக்காம்பராக்களில், அதாவது குழந்தைகள் காப்பகங்களில், இருக்கிறது. 2016 கணக்கெடுப்பில் நாடு முழுவதும் ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளில் சுமார் 17 வீதம் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். பெருந்தோட்டங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பிள்ளை. சாப்பாட்டுக் குறை, தாயின் எடை, வறுமை எல்லாம் இதில் இருக்கின்றன. அதோடு, அசுத்தத் தண்ணீர் குடித்து வளரும் பிள்ளைகளிடம் உலகின் பல இடங்களில் காணப்பட்ட ஒரு நிலையையும் யோசிக்க வேண்டும்: வயிற்றோட்டம் வெளியே தெரியாமல், கிருமிகள் ஓயாது வந்து சிறுகுடலின் விரலிகளைத் தட்டையாக்கி, மெல்லிய அழற்சியை எப்போதும் எரியவிட்டு, சந்திகளைத் தளர்த்தி வைத்திருக்கும் நிலை. லக்டுலோஸ், மனிற்றோல் என்ற இரண்டு சர்க்கரைகளைக் குடிக்கக் கொடுத்து, சிறுநீரில் எது எவ்வளவு வருகிறது என்று பார்த்து இதை அளப்பார்கள். பங்களாதேஷ், கென்யா, சிம்பாப்வே ஆகிய நாடுகளில் மலகூடமும் கைகழுவும் ஏற்பாடும் கொடுத்துப் பெரிய பரிசோதனைகள் நடந்தன. பிள்ளைகளின் உயரம் அவற்றால் கூடவில்லை. மலகூடம் வேண்டாம் என்று இதற்கு அர்த்தமில்லை. அரைகுறைச் சுத்தத்துக்குக் குடல் மசியவில்லை. தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரைக்கு மேலே யாருடைய கழிவுக் கானு போகிறது என்று பார்க்காமல் கீழே கைகழுவச் சொல்லிப் பயனில்லை என்று நான் இதை விளங்கிக்கொள்கிறேன்.

கடைசியாக, மாணவியின் கேள்விக்கு வகுப்பில் என்ன சொல்வது? படங்கைக் காட்டி விளக்குங்கள், கயிறு, கொக்கி, தையல் மூன்றும் போதும். எம்.எல்.சி.கே. பெயரை ஆர்வமுள்ள பிள்ளை குறித்துக்கொள்ளட்டும். ஆனால் பரீட்சைத்தாளில் மட்டும் கலத்திடைக் கசிவைத் தடுக்கும் சந்தி என்றே எழுதச் சொல்லுங்கள். புள்ளி அதற்குத்தான் கிடைக்கும்.